நெய் ஊற்றினால் பசி தாங்குமா? கொழுப்பு, பசி, எடை: விவாத இழை

கரிசல்மண் | 3 ஜூன் 2025, காலை 10.20

மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறைக்காரர்கள் கொழுப்பு சாப்பிட்டால் பசியே எடுக்காது என்கிறார்கள். டாக்டர் எண்ணெயைக் குறையுங்கள் என்கிறார். காலையில் 100 பாதாம் தின்றால் மதியம் 2 மணி வரை வயிறு எதுவும் கேட்பதில்லை. இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டால் 11 மணிக்கே கேட்கிறது. இரண்டிலும் கொழுப்புதானே? ரோஸ்ட்டில் நெய் போதவில்லை, இன்னும் ஊற்றினால் தாங்கும் என்பது என் கட்சி. இல்லையென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

அளவுக்கரண்டி | 3 ஜூன், காலை 11.45

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. "போதும்" என்ற செய்தியைக் கொழுப்பு மூளைக்கு அனுப்புகிறதா? அனுப்புகிறது. அந்தச் செய்தி, கூடவே வரும் கலோரிக்கு ஈடாக இருக்கிறதா? இல்லை. பேலியோக்காரர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், டாக்டர் இரண்டாவதுக்கு.

செய்தி போகும் வழி இது. கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்து, கணைய நொதியால் உடைந்து கொழுப்பமிலமாக மாறுகிறது. அப்போது குடல் சுவரிலுள்ள சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகின்றன. இனி சிசிகே என்றே எழுதுகிறேன். இதன் செய்தி, குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக மூளையை எட்டுகிறது. இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. எலிகளுக்கு சிசிகே செலுத்தினால் அவை உண்பது குறைகிறது என்று கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் 1973இலேயே காட்டிவிட்டார்கள். கொழுப்பு உடைந்தால்தான் இதெல்லாம். எடைக்குறைப்புக்குத் தரும் ஆர்லிஸ்டாட் மாத்திரை, சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடையவிடாமல் தடுக்கிறது. சிசிகே சுரப்பும் அதோடு குறைந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஒரு மேசைக்கரண்டி நெய் சுமார் 13 கிராம், 115 முதல் 120 கலோரி. இரண்டு ரோஸ்ட்டுக்கும் தலா ஒரு மேசைக்கரண்டி என்றால் நெய் மட்டும் 235 கலோரி. வயிற்றில் அது பிடிக்கும் இடமோ இரண்டு கரண்டிதான். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினால் இன்னொரு 235 சேரும். பசி ஒருவேளை அரை மணி நேரம் தள்ளிப்போகலாம். அந்த அரை மணிக்கு அது ரொம்ப அதிக விலை.

அளவுக்கரண்டி | 3 ஜூன், மதியம் 12.10

விட்டுப்போனது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 1995இல் 38 உணவுகளை ஒப்பிட்டது. ஒவ்வொன்றிலும் 240 கலோரி வரும் அளவு கொடுத்து, 2 மணி நேரம் வயிறு நிறைந்த உணர்வை அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசானுக்கு 47. கொழுப்பு ஏற ஏற மதிப்பெண் இறங்கியது. அதைவிட முக்கியமாக, 240 கலோரிக்கு எத்தனை கிராம் உணவு தட்டில் விழுந்ததோ அதுதான் மதிப்பெண்ணோடு மிக நெருக்கமாக ஒட்டி நின்றது.

ஆய்வுமேசை | 3 ஜூன், இரவு 8.30

ஹோல்ட் அட்டவணையை எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள், அது 2 மணி நேர அளவீடு என்பதைச் சொல்வதில்லை. கொழுப்பின் வேலை அதற்குப் பிறகும் நீள்கிறது. சிறுகுடலின் கடைப்பகுதிக்குக் கொழுப்பு போய்ச் சேர்ந்தால் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 ஹார்மோன்கள் சுரந்து மேலிருந்து வரும் எல்லாவற்றையும் மெதுவாக்குகின்றன. இலியல் பிரேக் என்று இதற்குப் பெயர். 2 மணி நேரத்தில் அளப்பதை நிறுத்திவிட்டால் இது அளவில் விழாது.

அளவுக்கரண்டி | 4 ஜூன், காலை 7.15

ஆய்வுமேசை சொல்வது சரியான ஆட்சேபம், அதை வைத்தே மேலே போவோம். உண்ணும்போது எப்போது நிறுத்துகிறோம் என்பது ஒன்று. அடுத்த வேளை எவ்வளவு நேரம் தள்ளிப்போகிறது என்பது இன்னொன்று. கொழுப்பு இரண்டாவதில் கொஞ்சம் உதவும், முதலாவதில் மோசம். சிசிகே சுரந்து செய்தி போவதற்குள் தட்டு காலி. நெய் சேர்ந்தால் தோசை வழுக்கிக்கொண்டு இறங்கும், மெல்லும் நேரமும் குறையும்.

இலியல் பிரேக் விழ வேண்டுமானால் கொழுப்பு கடைக்குடல் வரை மிஞ்ச வேண்டும். தனியாக ஊற்றிய நெய்யும் எண்ணெயும் பெரும்பாலும் மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். செல்லுக்குள் பூட்டிக்கிடக்கும் கொழுப்புதான் அவ்வளவு தூரம் போகும். பாதாமுக்கு இங்கேதான் வருகிறோம், மாலையில் எழுதுகிறேன்.

அளவுக்கரண்டி | 4 ஜூன், இரவு 9.05

பாதாம். ஒன்று சராசரியாக 1.2 கிராம், 100 என்றால் 120 கிராம். அட்டவணைப்படி ஏறக்குறைய 695 கலோரி, கொழுப்பு 60 கிராம், புரதம் 25 கிராம், நார்ச்சத்து 15 கிராம்.

இந்த 695 முழுதாக உடம்பில் சேர்வதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகம் 2012இல் பாதாம் கொடுத்து, உள்ளே போனதையும் மலத்தில் வெளியேறியதையும் எரித்து அளந்தது. 28 கிராம் பாதாமில் கிடைத்தது 129 கலோரி. அட்டவணைக் கணக்கு 170ஐ ஒட்டி இருந்தது. 2016இல் அதே ஆய்வகம் வடிவத்தை மாற்றிப் பார்த்தது. முழுப் பச்சை பாதாமில் கிடைத்த கலோரி கணக்கைவிட 25 சதவீதம் குறைவு. வறுத்த முழுப் பாதாமில் 19, வறுத்து நறுக்கியதில் 17. நைசாக அரைத்த பாதாம் வெண்ணெயில் வித்தியாசமே இல்லை. ஆக உங்கள் 100 பாதாம் தருவது 520 முதல் 550 கலோரி.

காரணம் செல் சுவர். பாதாமின் எண்ணெய் நுண்ணிய செல்களுக்குள் இருக்கிறது. பல் உடைக்கும் செல்களிலிருந்து மட்டுமே எண்ணெய் வெளியே வரும். மற்றவை மூடிய நிலையிலேயே கீழே போகின்றன. வறுத்தால் மொறுமொறுப்பாகிச் சின்னத் துகளாக நொறுங்குகிறது, எண்ணெய் அதிகம் வெளிவருகிறது. மிக்ஸியில் போட்டால் மிச்சமே இல்லை.

ஆகவே மதியம் 2 மணி வரை உங்களைத் தாங்கியது 25 கிராம் புரதம், 15 கிராம் நார்ச்சத்து, கால் மணி நேரம் மென்றது, பிறகு பூட்டிக்கிடந்து மெதுவாக இறங்கிய கொழுப்பு எல்லாம் சேர்ந்துதான். அதே 60 கிராம் கொழுப்பை நெய்யாக எடுத்து ரோஸ்ட்டில் விட்டால் 540 கலோரி அப்படியே சேரும், மற்ற மூன்றில் ஒன்றும் வராது.

கரிசல்மண் | 5 ஜூன், காலை 6.50

நிலக்கடலைக்கும் இது பொருந்துமா? பாதாம் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை.

அளவுக்கரண்டி | 5 ஜூன், காலை 8.00

நன்றாகப் பொருந்தும். 1980இலேயே அளந்திருக்கிறார்கள். தின்ற கொழுப்பில் மலத்தோடு போனது முழுக்கடலையில் சுமார் 18 சதவீதம், கடலை வெண்ணெயில் 7, கடலை எண்ணெயில் 4.5. அவித்த கடலை இன்னும் நல்லது: நீர் ஏறி எடை கூடுவதால் கைப்பிடிக்குக் கலோரி குறைகிறது, உரித்து உரித்துத் தின்பதால் வேகமும் குறைகிறது. உலர்ந்த கடலை 100 கிராமில் 567 கலோரி, 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம். காலை உணவுக்குப் பதிலாக என்றால் 60 முதல் 70 கிராம் எடை போட்டு எடுங்கள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் 150 கிராம் போவது தெரியாது. பர்பி வேறு கணக்கு, வெல்லம் சேர்ந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மெல்லுவது பற்றி ஒன்று. பாதாமை 10, 25, 40 முறை மெல்லச் சொல்லி ஒப்பிட்ட ஆய்வு உண்டு. 40 முறை மென்றவர்களுக்குப் பசி அதிகம் அடங்கியது. ஆனால் செல்கள் நிறைய உடைவதால் உள்ளே போன கொழுப்பும் கூடியது. இரண்டையும் எடை போட்டால் நன்றாக மெல்வதே நல்லது என்பேன். அடங்காத பசி அடுத்து எதைத் தேடிப் போகும் என்று தெரியும்.

வடைச்சட்டி | 6 ஜூன், மாலை 5.40

எண்ணெயைக் குறை என்கிறீர்கள், எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரும் அளப்பதில்லை. பொரிப்பதில் அளக்கும் முறை:

5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் காட்டும் தராசு. வாணலியையும் எண்ணெயையும் சேர்த்து, ஆறிய நிலையில் எடை போடுங்கள். பொரித்து முடித்து, தூளைச் சல்லடையில் வடித்து எண்ணெயைத் திரும்ப வாணலியில் ஊற்றி, ஆறிய பின் மறுபடி எடை. வித்தியாசத்தை எண்ணிக்கையால் வகுங்கள். ஒற்றிய தாளையும் முன்னும் பின்னும் எடை போட்டு, அது குடித்ததை வகுப்பதற்கு முன்பே கழியுங்கள். கரண்டியிலும் அடுப்பிலும் தெறித்தது கொஞ்சம் கணக்கில் சேரும், அதை விட்டுவிடலாம்.

எண்ணெய் உள்ளே போவது சட்டியில் கொதிக்கும்போது என்று நினைக்கிறோம். பெரும்பங்கு போவது வெளியே எடுத்த பிறகு. கொதிக்கும் வரை உள்ளிருந்து ஆவி வேகமாக வெளியேறுவதால் எண்ணெய் நுழைய முடியாது. எடுத்ததும் சூடு தணிய, உள்ளே ஆவி சுருங்கி அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் எடுத்த கையோடு சாரணியிலேயே (ஜல்லிக்கரண்டி) சட்டிக்கு மேலே பிடித்து நன்றாக உதறுங்கள். ஆறிய பிறகு தாளில் அழுத்துவது தாமதம். பூரியைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படுக்கப் போடாமல், ஓட்டைக் கூடையில் சாய்த்து நிற்க வையுங்கள்.

மற்றவை: எண்ணெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருக்கட்டும். சூடு குறைந்தால் வேகும் நேரம் நீண்டு, மேலோடு பிடிக்காமல் ஊறும். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் சூடு சரியும். உளுந்தை நீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்டுங்கள், நீர் ஏறிய மாவு எண்ணெய் குடிக்கும். ஆப்ப சோடா போட்டால் உள்ளே துளைகள் பெருகும், அதிலும் எண்ணெய்தான் நிறையும். வடை நடுவில் ஓட்டை போடுவது வெறும் அழகுக்கில்லை, நடுப்பாகம் சீக்கிரம் வெந்துவிடும். பலமுறை காய்ச்சிய எண்ணெய் கெட்டியாகி அதிகம் ஒட்டும். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து சேரும் 'மொத்த போலார் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இருக்காது. நுரை கட்டி நின்றால், நிறம் கறுத்தால் விட்டுவிடுங்கள்.

அளவுக்கரண்டி | 6 ஜூன், இரவு 9.30

அருமையான குறிப்பு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் தீர்வது பொரிப்பதில் இல்லை, தினம் ஊற்றுவதில். பூரியைக் கண்டு பயப்படுகிறவர்கள் சப்பாத்திக்கு மாவில் ஒரு டீஸ்பூன், கல்லில் ஒரு டீஸ்பூன் விடுகிறார்கள். ஒரு டீஸ்பூன் 4.5 கிராம், 40 கலோரி. மூன்று சப்பாத்தி என்றால் எண்ணெயே 27 கிராம், 240 கலோரி. வடைச்சட்டியின் முறைப்படி நன்றாக உப்பிய பூரியை அளந்து பார்த்துவிட்டு எது அதிகம் என்று முடிவு செய்யுங்கள்.

இட்லியும் அப்படியே. ஆவியில் வெந்தது, எண்ணெயே இல்லை என்று டயட் நோட்டில் எழுதுவார்கள். பொடிக்குக் குழி பண்ணி விடும் நல்லெண்ணெய் மூன்று டீஸ்பூன். 120 கலோரி அதிலேயே. நல்லெண்ணெயை மோரோடு அல்லது தயிரோடு குழைத்தால் ஒரு டீஸ்பூனே பொடியை நனைக்கப் போதும்.

வீட்டுக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை, உட்கார்ந்த வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு. எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் இதில் சேரும். இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 90 கிராம், மாதம் 2,700 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம் என்பதால் 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நெய்யையும் சேர்த்து! 5 லிட்டர் வாங்கும் வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 38 கிராம் போகிறது, அதாவது 340 கலோரிக்கு மேல். கொட்டிய எண்ணெயைக் கழித்தாலும் பெரிதாக மாறாது.

கட்டுப்படுத்த ஒரே வழி பாட்டில். வாரத்துக்கு 690 மில்லி இந்த வீட்டின் பங்கு. நெய்க்கு 100 மில்லி ஒதுக்குங்கள், மீதி 590 மில்லியைத் திங்கள் காலை தனி பாட்டிலில் ஊற்றி, அதிலிருந்து மட்டும் எடுங்கள். கேனிலிருந்து நேராக வாணலியில் சரிக்கும் கைக்கு அளவு தெரியாது. வெள்ளிக்கிழமை பாட்டில் தீர்ந்தால் சனி, ஞாயிறுக்கு அவியலும் மோர்க்குழம்பும். அவியலில் கடைசியில் விடும் தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும், மணம் முழுக்க வரும்.

கரிசல்மண் | 7 ஜூன், காலை 7.30

செக்கு எண்ணெய்க்கும் இதே கணக்கா? ரேஷன் பாமாயிலும் மரச்செக்குக் கடலை எண்ணெயும் ஒன்றா?

அளவுக்கரண்டி | 7 ஜூன், காலை 7.42

கலோரியில் ஒன்றே. இரண்டும் கிராமுக்கு 9. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அது கொலஸ்ட்ரால் விஷயம், அதற்காகக் குறைப்பது நியாயம். பசி அடங்குவதில் எண்ணெய்க்கு எண்ணெய் உள்ள வேறுபாடு சிறிது. ஒரு கரண்டி கூடவா குறையவா என்பதற்கு முன்னால் அது நிற்காது. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுவதுதான் இப்போது நடக்கிறது.

ஆய்வுமேசை | 9 ஜூன், இரவு 10.15

கொழுப்பு வில்லனா, அடர்த்தி வில்லனா என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அபர்டீனில் ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டப்ஸ் குழு 1990களில் செய்தது இது. உண்பவருக்குத் தெரியாமல் உணவில் கொழுப்பை 20, 40, 60 சதவீதமாக மாற்றினார்கள். வேண்டிய அளவு உண்ணலாம். கொழுப்பு ஏற ஏற உண்ட கலோரியும் ஏறியது. உணவின் எடை பெரிதாக மாறவில்லை. பிறகு கிராமுக்கு இத்தனை கலோரி என்ற அடர்த்தியைச் சமப்படுத்திவிட்டுக் கொழுப்பை மட்டும் மாற்றினார்கள். உண்ட கலோரி வேறுபாடு மறைந்துவிட்டது. வயிறு எடையையும் பருமனையும் எண்ணுகிறது, கலோரியை அவ்வளவு சரியாக எண்ணுவதில்லை.

அளவுக்கரண்டி | 10 ஜூன், காலை 6.30

இந்த இழையில் இதுவரை வந்த குறிப்புகளிலேயே இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். சமையலறையில் இதன் பொருள்: எண்ணெயைக் குறைக்க மனமில்லை என்றால் நீரும் காயும் கூட்டுங்கள். அதே இரண்டு டீஸ்பூன் தாளிப்பு 100 கிராம் உருளை வறுவலில் போனால் ஒரு கதை, 300 கிராம் சுரைக்காய்க் கூட்டில் போனால் வேறு கதை. இரண்டிலும் எண்ணெய் ஒன்றே, வயிற்றில் பிடிக்கும் இடம் மூன்று மடங்கு.

கொழுப்பு வயிற்றில் எப்படிக் கிடக்கிறது என்பதும் சேரும். நாட்டிங்ஹாமில் எம்ஆர்ஐ வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பும் நீரும் கலந்த குழம்பல் (எமல்ஷன்) வயிற்று அமிலத்தில் பிரிந்துபோனால் கொழுப்பு மேலே மிதக்கிறது, அடியிலுள்ள நீர் முதலில் இறங்கிவிடுகிறது. பிரியாமல் கலந்தே இருக்கும் குழம்பலில் வயிறு காலியாவது மெதுவாகிறது, சிசிகேயும் அதிகம் சுரக்கிறது. காரக்குழம்பில் எண்ணெய் மிதந்து நிற்பது கண்ணுக்கு லட்சணம். மேலே மிதப்பதை ஒரு கரண்டியால் எடுத்துவிட்டால் ருசி போகாது. காரமும் மணமும் ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். எடுத்ததைக் குடித்துவிடக் கூடாது, அடுத்த நாள் தாளிப்புக்கு அதுவே போதும்.

கரிசல்மண் | 12 ஜூன், மாலை 4.10

இதைப் பேலியோ குழுவில் காட்டினேன். "கீட்டோவில் எங்களுக்குப் பசியே இல்லையே, அதற்கு என்ன பதில்?" என்கிறார்கள். பட்டர் டீயோடு மதியம் வரை ஓட்டுகிறார்களாம்.

அளவுக்கரண்டி | 12 ஜூன், இரவு 9.50

அவர்கள் சொல்வது பொய்யில்லை. மாவுச்சத்து மிகக் குறைந்து, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ஏறிய நிலையில் பசி அடங்குகிறது. எடை குறையும்போது பசி ஹார்மோன் கிரெலின் ஏறுவது வழக்கம். கீட்டோன் நிலையில் அந்த ஏற்றம் தடைப்படுவதை 2013இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று பதிவு செய்தது. கூடவே முட்டை, இறைச்சி, பனீர் என்று புரதமும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து பசியைக் கட்டுகின்றன. கொழுப்பை மட்டும் கூட்டி, இட்லி தோசையையும் விடாதவர்களுக்கு இந்தப் பலன் வராது. நடுவழியில் நிற்பவர்கள்தான் எடை கூடுகிறார்கள்.

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2021இல் வெளியிட்டது இதற்கு நேரான ஆய்வு. 20 பேர், ஆய்வகத்திலேயே தங்கி, ஒவ்வொரு உணவும் 14 நாள். ஒன்று கொழுப்பு 10 சதவீதமும் மாவுச்சத்து 75 சதவீதமும் உள்ள தாவர உணவு; மற்றது கொழுப்பு 75 சதவீதத்தைத் தாண்டிய கீட்டோ. வயிறு கேட்கும் வரை சாப்பிடலாம். குறைகொழுப்பு உணவில் நாளைக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாக உண்டார்கள். பசி, நிறைவு, ருசி பற்றிக் கேட்டதில் வேறுபாடு இல்லை. எடை இரண்டிலும் இறங்கியது, ஆனால் உடல் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது குறைகொழுப்பு உணவில்தான். கீட்டோவில் முதல் வாரம் இறங்கிய எடையில் நீர் கணிசம்.

பட்டர் டீ: 30 கிராம் வெண்ணெய், 215 கலோரி, புரதம் ஏறக்குறைய பூஜ்யம், மெல்லும் வேலை இல்லை. அதே கலோரிக்கு மூன்று அவித்த முட்டை கிடைக்கும், 18 கிராம் புரதத்தோடு. கீட்டோவில் இருப்பவரும் முட்டையையே எடுக்கட்டும்.

அளவுக்கரண்டி | 13 ஜூன், காலை 6.15

நேற்றைய குறிப்பை மறுபடி படித்ததில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 14 நாள் ஆய்வக முடிவை ஓராண்டு வாழ்க்கைக்கு நீட்டக் கூடாது. கீட்டோவின் இரண்டாம் வாரத்தில் உண்பது தானாகவே குறையத் தொடங்கியதையும் அதே ஆய்வு காட்டுகிறது.

நீண்ட கால ஆய்வுக்கு ஸ்டான்ஃபோர்டில் கார்ட்னர் குழு 2018இல் வெளியிட்டதைப் பாருங்கள். 609 பேர், 12 மாதம். குறைகொழுப்புக் குழு சராசரி 5.3 கிலோ, குறைமாவுச்சத்துக் குழு 6 கிலோ இறங்கியது. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. மரபணுவையோ இன்சுலின் சுரப்பையோ பார்த்து யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. இரு குழுவுக்கும் பொதுவாகச் சொன்னது: காய்கறி கூட்டு, சர்க்கரையும் மைதாவும் குறை, பாக்கெட் பண்டம் வேண்டாம்.

ஆகவே குறைகொழுப்பா குறைமாவா என்ற சண்டையை விடுங்கள். எண்ணெய்க் கொழுப்பும் மாவுச்சத்தும் ஒன்றாக வரும் தட்டு இரண்டு கட்சிக்கும் எதிரி. பரோட்டா, பாக்கெட் சிப்ஸ், கடலை பர்பி, மைசூர்பாகு, இடியாப்பத்தோடு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், சம கலோரியுள்ள தின்பண்டங்களில் கொழுப்பும் மாவும் சேர்ந்தவற்றுக்கே மக்கள் அதிக விலை தர முன்வந்தார்கள். மூளையின் பரிசு மையமும் அதிகம் தூண்டப்பட்டது. இயற்கையில் இரண்டும் சேர்ந்து வருவது அரிது, தாய்ப்பால் போன்ற சிலவற்றில்தான். இந்தப் பண்டங்களின் முன் பசிக்கு அதிகாரம் குறைவு. வயிறு நிறைந்த பிறகும் கை போகும். தட்டில் எடுத்துப் போட்டு டப்பாவை மூடிவிடுவதுதான் தடுப்பு.

வடைச்சட்டி | 14 ஜூன், மாலை 6.00

தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதையும் முடித்துவிடுங்கள்.

அளவுக்கரண்டி | 14 ஜூன், இரவு 8.20

ஆய்வு எம்சிடி எண்ணெயில் நடந்தது, விளம்பரம் தேங்காய் எண்ணெய்க்கு ஓடுகிறது. எம்சிடி என்பது 8, 10 கார்பன் நீளமுள்ள கொழுப்பமிலங்கள். அவை நிணநீரில் சுற்றாமல் நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிகின்றன. நாளைக்கு 18 முதல் 24 கிராம் எம்சிடி எடுத்தவர்கள் 16 வாரத்தில் ஆலிவ் எண்ணெய்க் குழுவைவிட ஏறக்குறைய 1.7 கிலோ கூடுதலாக இறங்கினார்கள். அதுவும் எடைக்குறைப்பு உணவோடு சேர்த்து.

தேங்காய் எண்ணெயில் 8, 10 கார்பன் இரண்டும் சேர்ந்து சுமார் 14 சதவீதம். பாதிக்கு அருகில் இருப்பது 12 கார்பன் லாரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்ற கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகப் போகிறது. 20 கிராம் எம்சிடி கிடைக்க 140 கிராம் தேங்காய் எண்ணெய் குடிக்க வேண்டும், 1,260 கலோரி. சமையலுக்கு ருசியான எண்ணெய், அந்த அளவில் வையுங்கள்.

தேங்காய் வேறு, எண்ணெய் வேறு. துருவல் 100 கிராமில் முற்றலைப் பொறுத்து 33 முதல் 41 கிராம் கொழுப்பு, கூடவே நார். நால்வர் சட்னிக்கு 80 கிராம் துருவலோடு 40 கிராம் பொட்டுக்கடலை சேர்த்தால் சுவை கெடாது, புரதமும் ஏறும். பிழிந்த பாலில் நார் சக்கையோடு போய்விடுகிறது, கொழுப்பு மட்டும் கிண்ணத்துக்கு வருகிறது. சொதி வைப்பவர்கள் முதல் பாலைப் பாதியாக்கி, காயையும் பாசிப்பருப்பையும் கூட்டுங்கள்.

கரிசல்மண் | 16 ஜூன், காலை 7.05

பால் பாக்கெட்டை மாற்றலாமா? ஆரஞ்சு வாங்குகிறோம்.

அளவுக்கரண்டி | 16 ஜூன், காலை 7.20

ஆவினில் ஆரஞ்சு 6 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. ஒருவரே நாளைக்கு அரை லிட்டர் காபி, டீ, தயிராகச் செலவழித்தால் ஆரஞ்சில் 30 கிராம், நீலத்தில் 15 கிராம். 135 கலோரி வித்தியாசம், புரதம் ஏறக்குறைய சமம். இந்த மாற்றத்தில் பசி கூடாது. காபியில் சர்க்கரையைக் கூட்டி ஈடுகட்டினால் மட்டும் வீண்.

ஆய்வுமேசை | 18 ஜூன், இரவு 9.00

ஒரு எச்சரிக்கை இல்லாமல் இழை முடியக் கூடாது. எண்ணெயைப் பூஜ்யமாக்குபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு வராவிட்டால் பித்தப்பை சுருங்காது. பித்தநீர் தேங்கி, வேகமாக எடை இறங்கும் காலத்தில் கல் உருவாகிறது. நாளைக்கு ஒரு வேளையாவது 10 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு உள்ள சாப்பாடு வேண்டும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உறிஞ்சப்படவும் கொழுப்பு தேவை. கீரையை எண்ணெயே இல்லாமல் வேகவைத்துத் தின்றால் அதன் கரோட்டின் முழுதாகச் சேராது. ஒரு டீஸ்பூன் தாளிப்பு அவசியம்.

எடைக்குறைப்புக்கு செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்களுக்கும் ஒன்று. அந்த மருந்துகளே வயிறு காலியாவதை மெதுவாக்குகின்றன. அதன்மேல் பிரியாணி, பஜ்ஜி, நெய் ரோஸ்ட் விழுந்தால் குமட்டலும் வாந்தியும். ஊசி போட்ட முதல் சில நாளும், டோஸ் ஏற்றும் வாரமும் கொழுப்பு குறைந்த சிறு சிறு சாப்பாடாக எடுக்க வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவுக்கரண்டி | 19 ஜூன், காலை 6.40

கரிசல்மண்ணுக்கு, உங்கள் கட்சியை நீங்களே சோதிக்க ஒரு முறை. இரண்டு காலை உணவு, கலோரி சமம். முதலாவது: இரண்டு தோசை, இரண்டு மேசைக்கரண்டி நெய், சட்னி. இரண்டாவது: இரண்டு தோசை, ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதே சட்னி, மிச்ச 200 கலோரிக்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பாரும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, இரண்டு வாரம்.

பசியை 0 முதல் 10 வரை எண்ணாக எழுதுங்கள்: உண்ணும் முன், முடித்ததும், பிறகு 1, 2, 3, 4 மணி நேரத்தில். மதிய உணவைத் தட்டோடு எடை போட்டு அதையும் எழுதுங்கள். உணர்வைவிட அந்த எடைதான் நம்பகம். கெடுக்கக்கூடியவை: நடுவே பால் சேர்த்த டீ, இரவு தூக்கம் குறைந்த நாள், ஞாயிறு. அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சட்னித் தேங்காயையும் எடை போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கலோரி சமமாக இராது.

கரிசல்மண் | 19 ஜூன், காலை 7.10

செய்கிறேன். வீட்டில் 1 வயதுக் குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் நெய் விடுகிறோம். அதையும் பாட்டில் கணக்கில் சேர்த்துக் குறைக்கணுமா?

அளவுக்கரண்டி | 19 ஜூன், காலை 7.18

வேண்டாம். இரண்டு வயது வரை கொழுப்பைக் கட்டுப்படுத்தவே கூடாது. சின்ன வயிறு, வளரும் மூளை. அடர்த்தியான கலோரி அங்கே தேவை. முழுக்கொழுப்புப் பாலே கொடுங்கள், சாதத்தில் நெய் ஒரு டீஸ்பூன் விடுங்கள். குழந்தையின் நெய்க்குத் தனிச் சின்ன டப்பா வையுங்கள், பெரியவர்கள் பாட்டிலோடு கலக்க வேண்டாம். முழுப் பாதாமும் முழுக் கடலையும் ஐந்து வயது வரை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.